சிறுநீரகக் கழலையும் முப்பரிமாண மாதிரியும்

மலைநாட்டுப் பாடசாலைகளிலே புவியியல் கற்பிப்போர் யாவரும் அறிந்த பயிற்சி ஒன்றுண்டு. சமவுயரக் கோடுகளால் வரையப்பட்ட ஒரு குன்றின் படத்தை மாணவனிடம் கொடுத்து, அக்குன்றின் உருவத்தைச் சொல்லுமாறு ஆசிரியர் கேட்பார். கோடுகளைத் தனித்தனியே வாசிக்க வல்ல மாணவனும் முழு உருவத்தைச் சொல்லத் தயங்குவான். பின்னர் ஒவ்வொரு கோட்டின் வழியேயும் தடித்த அட்டையை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டியதும், அலவத்துகொடவிலிருந்து மாத்தளை வீதியிற் செல்லுந்தோறும் அவன் கண்ட குன்று மேசைமீது எழுந்து நிற்கும். எந்தச் சரிவால் ஏறலாம், எந்தப் பக்கம் செங்குத்து என்பதை அவன் தானே சொல்வான். படத்தில் இல்லாத செய்தி எதுவும் அட்டையிலே புதிதாகச் சேரவில்லை. தாளிலே கிடந்த செய்தி உருவம் பெற்றது, அவ்வளவே.

இக்காலத்துச் சத்திரசிகிச்சை நிபுணர், சிறுநீரகத்தில் உண்டான கழலையை அகற்றுவதற்குமுன் செய்துகொள்ளும் ஆயத்தங்களுள் ஒன்று இப்பயிற்சியைப் பெரிதும் ஒத்தது. நோயாளியின் உடலை ஊடுருவி எடுத்த நூற்றுக்கணக்கான தட்டைப் படங்களை அடுக்கி, அவருடைய சிறுநீரகத்தின் முப்பரிமாண மாதிரி ஒன்றை அமைத்து, கத்தியை எடுக்குமுன்னரே அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வழியை வகுத்துக்கொள்வதே அம்முறையாகும். அது ஏன் வேண்டப்படுகின்றது, எவ்வாறு ஆக்கப்படுகின்றது, எம்மட்டில் நம்பத்தக்கது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் உறுப்பின் அமைப்பை அறிதல் வேண்டும். சிறுநீரகங்கள் வயிற்றறையின் பின்புறத்தே, முள்ளந்தண்டின் இரு மருங்கிலும், கொழுப்பாற் போர்த்தப்பட்டு அமைந்துள்ளன. வளர்ந்தோரில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் நீளமும் 150 கிராம் நிறையும் உடையது. ஓய்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் குருதியை வெளியே தள்ளுகின்றது. அதில் ஐந்திலொரு பங்கு இவ்விரு சிறிய உறுப்புகளுக்கே செல்கின்றது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சிறுநீரகத்திகள் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் ஏறத்தாழ 10 இலட்சம் உள. பிறந்தபின் இவை புதிதாகத் தோன்றுவதில்லை. தோலில் உண்டான காயம் ஆறிப் புதுத்தோல் மூடுவதுபோல, வெட்டப்பட்ட சிறுநீரகம் மீண்டும் வளர்ந்து நிரம்புவதில்லை. இழந்தது இழந்ததே.

குருதி பாயும் வழியிலும் சிறுநீரகத்துக்குத் தனியியல்பு ஒன்றுண்டு. உடலின் பல பாகங்களிலே ஒரு நாடி அடைபட்டால் அயலிலுள்ள நாடிக்கிளை அதன் பணியை ஓரளவேனும் ஏற்றுக்கொள்ளும். சிறுநீரக நாடியோ உள்ளே நுழையுமுன் கிளைகளாய்ப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் தனக்குரிய பகுதிக்கு மட்டுமே குருதியைக் கொண்டு செல்கின்றது. ஒரு கிளை மற்றொன்றோடு இணைவதில்லை. மலைச்சரிவின் படிக்கட்டு வயலிலே ஒரு பாத்திக்கு ஒரே வாய்க்கால் இருக்குமாயின், அதனை அடைத்தபின் பக்கத்துப் பாத்தி நிறைந்து கிடந்தாலும் இந்தப் பாத்தி காயத்தான் செய்யும். சிறுநீரகத்தின் நிலையும் அதுவே. நாளங்களோ இதற்கு மாறாகத் தம்முள் இணைந்திருப்பன. ஆதலின், கழலையை வெட்டுங்கால் தவறான நாடிக்கிளை ஒன்று அறுபடுமாயின், கத்தி படாத நல்ல பகுதியும் குருதியின்றி மடிந்துவிடும்.

சிறுநீரகத்தை முழுவதாக அகற்றும் சத்திரசிகிச்சையை முன்னரே திட்டமிட்டு முதன்முதலில் வெற்றியுறச் செய்தவர் செருமனியின் ஹைடல்பேர்க் நகரத்து வைத்தியரான குஸ்தாவ் சைமன் என்பவர், ஆண்டு 1869. ஒரு சிறுநீரகத்தோடு மனிதர் வாழ இயலுமா என்பதே அன்றைய ஐயம். அவர் முதலில் நாய்களிலே செய்து பார்த்து, வாழ இயலும் என்று கண்டபின்னரே நோயாளியிடம் அதனை மேற்கொண்டார். அதே நகரில் 1887 ஆம் ஆண்டு வின்சென்ஸ் செர்னி என்பவர் கழலையுள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுத்து எஞ்சிய சிறுநீரகத்தைக் காத்தார். எனினும், வெட்டிய இடத்திற் குருதி பெருகுதலும் சிறுநீர் கசிதலும் அந்நாளில் எளிதில் அடக்கத்தக்கனவாக இருக்கவில்லை. ஆகவே புற்றுக்கழலை எனின் சிறுநீரகத்தையும் அதைச் சூழ்ந்த கொழுப்பையும் ஒருசேர அகற்றுதலே நெடுங்காலம் நெறியாயிற்று.

நல்ல உடல்நிலையுள்ள ஒருவர் தம் சிறுநீரகம் ஒன்றைப் பிறருக்குத் தானமாக அளித்துவிட்டு நெடுநாள் வாழ்கின்றாரே. அவ்வாறிருக்க, ஒரு துண்டைக் காப்பதற்கு இத்துணை முயற்சி எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் தானம் அளிப்பவர் பல சோதனைகளுக்குப்பின் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சிறுநீரகப் புற்று உண்டாவதோ பெரும்பாலும் வயது முதிர்ந்தோரிடத்து; அவருட் பலர் நீரிழிவும் உயர் குருதியழுத்தமும் உடையோர். இருக்கும் வடிகட்டிகள் ஏற்கனவே தேய்ந்து வருங்கால், பாதியை ஒரே நாளில் இழத்தல் பெரிய இழப்பாகும். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகந்தான் உண்டு. சிலருக்கு இரண்டிலும் கழலை தோன்றும். அத்தகையோரிடம் முழுவதையும் அகற்றுவதாயின், வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தின் துணையாற் குருதியைச் சுத்திகரிக்கும் வாழ்வையே நாம் அவருக்கு அளிக்கின்றோம். அது யாதென்பதை நம் நாட்டார்க்கு விளக்க வேண்டியதில்லை. 1990 களிலிருந்து வடமத்திய மாகாணத்து விவசாயக் குடும்பங்களைத் தாக்கிவரும், காரணம் இன்னதென உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய், அதனை ஊரறியச் செய்துவிட்டது.

இக்காரணங்களால், 4 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கழலையாயின், இயலுமிடத்து அதனை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காத்தலே இன்று ஏற்கப்பட்ட நெறியாகும். 7 சென்ரிமீற்றர் வரையிலும் இடமும் அமைப்பும் ஒத்துவரின் அவ்வாறு செய்வர். சிறிய கழலைகள் சிலவற்றை வெட்டாமலே கண்காணித்து வருதலும் உண்டு. இந்நெறி சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. வெட்டும்போது குருதி பெருகாதிருக்க, சிறுநீரக நாடியை இடுக்கியால் அடைத்துக்கொள்வர். அடைத்த கணத்திலிருந்து சிறுநீரகம் குருதியின்றி இருக்கின்றது. 25 அல்லது 30 நிமிடங்களுக்குள் வெட்டி, தைத்து, இடுக்கியைத் தளர்த்திவிட வேண்டும் என்பதே நெடுநாளைய வழக்கு. கழலை எவ்வளவு ஆழத்தே இறங்கியுள்ளது, எந்தக் கிளை அதற்கு ஊட்டமளிக்கின்றது, சிறுநீர் சேரும் குழிவு அதன் அடியில் எவ்வளவு அண்மையில் உள்ளது என்பவற்றை ஆராய அந்த அரைமணி நேரம் உரியதன்று. அவை முன்னரே அறியப்பட்டிருத்தல் வேண்டும்.

முன்னரே அறிவதற்கான முயற்சி கணினிக் காலத்துக்கு முற்பட்டது. 1954 இல் பிரித்தானியச் சத்திர வைத்தியர் கிறேவ்ஸ் என்பவர், இறந்தோரின் சிறுநீரக நாடிகளுள் பிசினைச் செலுத்தி, அது இறுகியபின் தசையை அமிலத்தாற் கரைத்துவிட்டார். எஞ்சி நின்றது இலையுதிர்ந்த மரம் போன்ற நாடிகளின் வார்ப்பு. அவ்வார்ப்புகளை ஆராய்ந்து, சிறுநீரகம் நாடிக்கிளைகளின்படி ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருப்பதை அவர் நிறுவினார். பகுதி பகுதியாக அகற்றும் சத்திரசிகிச்சைக்கு அது அடிப்படையாயிற்று. ஆனால் அவ்வார்ப்பு இறந்தவர் ஒருவருடையது. மேசைமீது கிடக்கும் நோயாளியின் நாடிகளும் அவ்வாறே பிரியும் என்பதற்கு உறுதியில்லை. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஒரு சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நாடிகள் செல்வதுண்டு. பொதுவிதியைக் கற்றவருக்கும் இந்த ஒருவரின் அமைப்பு புதிதே. உயிரோடு இருப்பவரின் சிறுநீரகத்தை, அதற்கு ஊறு செய்யாமல், வார்ப்பெடுத்துப் பார்க்க இயலுமாயின் எத்துணை நலம்!

அதற்கு வழி கணிதத்தின் வாயிலாக வந்தது. 1895 இல் றொன்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர் உடலை ஊடுருவிப் படமெடுக்க உதவியது. ஆயினும் அப்படத்திலே முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாய் விழும். கதிர் தான் கடந்த பாதை முழுவதிலும் எவ்வளவு தடைப்பட்டது என்னும் கூட்டுத்தொகையை மட்டுமே அது சொல்லும். கூட்டுத்தொகைகளிலிருந்து உள்ளிருக்கும் எண்களைக் காண்பது எவ்வாறு? நான்கு அறைகளுள்ள சதுரம் ஒன்றில் எண்களை மறைத்து வைத்தோமென்க. மேல் வரிசை 8, கீழ் வரிசை 9, இடப் பத்தி 5, வலப் பத்தி 12 என்று மட்டும் சொன்னால், மேலே 3, 5 உம் கீழே 2, 7 உம் இருக்கலாம். மேலே 0, 8 உம் கீழே 5, 4 உம் இருப்பினும் அதே தொகைகளே வரும். இடப்பக்க மேல் மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ் மூலைக்குச் சாய்வாகக் கூட்டினால் 10 என்று மேலும் ஒரு செய்தி கிடைத்தவுடன், முதலில் சொன்ன விடையே சரியென்பது துணியப்படும். நேராகவும் குறுக்காகவும் பார்த்தது போதாது. சாய்வாகவும் பார்த்தல் வேண்டும். உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, பல்லாயிரம் அறைகளின் எண்களைக் கணித்து, ஒரு குறுக்குவெட்டுப் படமாகத் தருவதே சீ.ரீ. கருவி. கொட்பிறி ஹௌன்ஸ்பீல்ட் அமைத்த இக்கருவியால் 1971 ஒக்ரோபர் 1 ஆம் நாள் இலண்டனிலே முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. அவரும், இதற்குரிய கணிதத்தை முன்னரே ஆராய்ந்த அலன் கோமக்கும் 1979 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வரலாற்றிலே தமிழர் நினைவிற் கொள்ளவேண்டிய பெயர் ஒன்றுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பௌதிகத் துறைத் தலைவராக விளங்கிய கோ. நா. இராமச்சந்திரன், இலட்சுமிநாராயணன் என்பவரோடு சேர்ந்து அதே 1971 ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த கூட்டுத்தொகைகளை வந்த வழியே திருப்பிப் பரப்பினால் உருவம் கிடைக்கும். ஆனால் அது மங்கிக் கலங்கியிருக்கும். பரப்புமுன் ஒவ்வொரு தொகுதியையும் குறித்ததோர் எண்வடிகட்டியால் திருத்திக்கொண்டால் உருவம் தெளிவாகும் என்பதையும், நீண்ட கணிப்புகளைத் தவிர்த்து விரைவில் அதனைச் செய்யலாம் என்பதையும் அவர்கள் காட்டினர். பின்னர் வந்த கருவிகளிலே இவ்வழி பெரிதும் ஆளப்பட்டது. அவ்வடிகட்டி இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது. கண்டியிலே ஒரு நோயாளி சீ.ரீ. கருவியுட் படுக்குங்கால், அப்படத்தின் பின்னே நிற்கும் கணிதத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி, மாதிரி ஆக்கப்படும் முறையைக் காண்பாம். நோயாளியின் நாளத்தினுள் அயடீன் கலந்த மருந்து செலுத்தப்படும். அரை நிமிடமளவில் அம்மருந்து நாடிகளை நிறைக்கும். அப்போது எடுக்கும் படங்களில் நாடிகள் வெண்மையாய்த் தோன்றும். ஒன்றரை நிமிடம் கடந்ததும் சிறுநீரகத் தசை ஒளிரும். கழலை அதனின்று வேறுபட்டுத் தெரியும். மேலும் சில நிமிடங்கள் சென்றபின் மருந்து சிறுநீரோடு கலந்து, அது சேரும் குழிவையும் சிறுநீர்க்கானையும் காட்டும். ஒரு மில்லிமீற்றர் அளவு மெல்லிய படலங்களாக எடுக்கப்பட்ட இப்படங்கள் பாணைத் துண்டு துண்டாக வெட்டி வைத்தாற்போல வரிசையாய் இருக்கும். அடுத்த வேலை கணினியினுடையதும் பயிற்சி பெற்ற கண்ணினுடையதும் ஆகும். ஒவ்வொரு படலத்திலும் எது நாடி, எது நாளம், எது குழிவு, எது கழலை என எல்லை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தீட்டுவர். பின்னர் அடுக்கிச் சேர்த்ததும், சமவுயரக் கோடுகளிலிருந்து குன்று எழுந்தவாறே, நோயாளியின் சிறுநீரகம் திரையிலே எழும். அதனை எப்பக்கமும் திருப்பலாம். தசையைக் கண்ணாடிபோல் ஆக்கி உள்ளே நோக்கலாம். தலையில் அணியும் கருவியின் துணையால் அதனுள் நுழைந்தாற்போலவும் காணலாம். அச்சுப்பொறியிலே படலம் படலமாக வார்த்துக் கையிலே எடுக்கவும் செய்யலாம். 2014 இல் ஐக்கிய அமெரிக்காவின் துலேன் பல்கலைக்கழகத்தார் ஐந்து நோயாளரின் சிறுநீரகங்களை ஒளிபுகு பிசினாலும் அவற்றின் கழலைகளைச் செந்நிறத்தாலும் அவ்வாறு அச்சிட்டு வெளிப்படுத்தினர். கிறேவ்ஸ் இறந்தவரிடம் எடுத்த வார்ப்பு, இப்போது உயிரோடிருக்கும் நோயாளியினதாகவே கிடைக்கின்றது.

இதனால் நிபுணர் அறிவது யாது? கழலைக்கு ஊட்டமளிக்கும் கிளை ஒன்றே எனக் கண்டால், நாடி முழுவதையும் அடையாது அக்கிளையை மட்டும் அடைக்க எண்ணலாம். எஞ்சிய சிறுநீரகம் குருதி பெற்றுக்கொண்டேயிருக்கும். கழலை வெளியே சிறிதாய்த் தோன்றி உள்ளே பெரிதாய்ப் புதைந்திருந்தால், வெட்டின் ஆழத்தை முன்னரே வகுக்கலாம். முன்புறமாக அணுகுவதா பின்புறமாக அணுகுவதா என்பதைத் தீர்மானிக்கலாம். முழுவதையும் அகற்றுதலே தக்கது என்று மாதிரி காட்டுமாயின் அதுவும் அறிவே.

பயன் உண்டு என்பதற்குச் சான்று வேண்டுமன்றோ? 2019 இல் வெளியான ஆய்வொன்றில், ஐக்கிய அமெரிக்காவின் 6 போதனா வைத்தியசாலைகளைச் சேர்ந்த 92 நோயாளர் குலுக்கல் முறையால் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூற்றாருக்கு வழக்கமான படங்களைக் கொண்டும், மற்றவர்க்கு அவற்றோடு முப்பரிமாண மாதிரியைக் கொண்டும் சத்திரசிகிச்சை திட்டமிடப்பட்டது. கழலையின் சிக்கலையும் வைத்தியரிடையே உள்ள வேறுபாட்டையும் கணக்கிற் கொண்டு நோக்கியபோது, மாதிரியைக் கண்டு செய்தவிடத்துச் சிகிச்சை நேரம், நாடி அடைபட்டிருந்த நேரம், குருதியிழப்பு, வைத்தியசாலையில் தங்கிய காலம் ஆகியன குறைந்திருந்தன. இஃது ஊக்கந் தரும் முடிபே. ஆயினும் அளக்கப்பட்டவை சிகிச்சை நாளையும் அதனையடுத்த சில நாள்களையும் பற்றியவை என்பதை மறத்தலாகாது. பத்தாண்டு கழிந்தபின் சிறுநீரகம் எவ்வாறு இயங்கும் என்பது வேறு கேள்வி.

மாதிரிக்கு வேறு எல்லைகளும் உள. படமெடுக்கும்போது கிடந்தவாறே சிறுநீரகம் சத்திரசிகிச்சையிற் கிடப்பதில்லை. கொழுப்பிலிருந்து விடுவித்துத் தூக்கியதும் அது திரும்பும், வளையும். மூச்சினால் அசையும். மிக நுண்ணிய நாடிகள் படத்தில் விழா. எல்லை வகுத்தவர் ஓரிடத்தில் தவறினால், அத்தவறும் அழகிய நிறத்தோடு உறுதியான உருவம் பெற்று நிற்கும். மங்கலான படத்தை ஐயுறும் மனம் தெளிவான உருவத்தை எளிதில் நம்பிவிடும். ஆதலின் மூலப் படங்களை நோக்கும் கடமையிலிருந்து மாதிரி எவரையும் விடுவிப்பதில்லை. அட்டையிற் குன்றமைத்த மாணவனும் நீர்வீழ்ச்சியின் வழுக்குப் பாறையை அதிற் காணமாட்டான். ஏறுபவனே கால்வைத்து அறிதல் வேண்டும்.

செலவைக் குறித்தும் ஒரு சொல். தலையணிக் கருவியும் சிறந்த அச்சுப்பொறியும் எவ்விடத்தும் கிடைப்பனவல்ல. ஆயின் மூலமான சீ.ரீ. படம் இன்று நம் நாட்டுப் பெரிய வைத்தியசாலைகளில் எடுக்கப்படுவதே. அதனைக் கொண்டு திரையிலே உருவமைக்கும் நிரல்களுட் சில, கல்விக்கும் ஆய்வுக்குமெனக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வேண்டுவது அவற்றைக் கையாளப் பயின்ற இளைஞர். உடலமைப்பியலும் கணிதமும் கணினியும் அறிந்த மாணவருக்கு இஃதொரு புதிய துறை. விஞ்ஞானப் பிரிவில் பயில்வோர் வைத்தியர், பொறியியலாளர் என்னும் இரு வாயில்களையே நோக்கி நிற்காமல், அவ்விரண்டுக்கும் நடுவே திறந்துள்ள இவ்வாயிலையும் நோக்குவாராக.

இறுதியாக, மாதிரியால் நோயாளி பெறும் நன்மையைச் சொல்லாதுவிடின் இக்கட்டுரை நிறைவுறாது. கழலை என்ற சொல்லைக் கேட்டு நடுங்கியிருப்பவரிடம், வெளிச்சத்துக்கெதிரே கருமையும் சாம்பலுமான படத்தைப் பிடித்து, “இதோ இருக்கின்றது” என்றால் அவர் தலையசைப்பார். விளங்கியதனால் அன்று; மரியாதையினால். சம்மதப் பத்திரத்திலும் அவ்வாறே கையொப்பமிடுவார். அதே மனிதர் கையிலே தம் சிறுநீரகத்தின் மாதிரியைக் கொடுத்தால், கழலையை விரலாலே தொட்டு, “இவ்வளவை வெட்டினால் மிச்சம் இருக்குமா?” என்று கேட்பார். அக்கேள்வி பிறந்தபின் அவர் தரும் சம்மதமே உண்மையான சம்மதம். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, வைத்தியனுக்கும் மருந்துக்கும் முன்னே நோயுற்றவனையே வைத்தார். இப்புதிய கருவியும் அவ்வரிசையை மாற்றாமல் ஆளப்படுமாயின், அது நம் நாட்டுக்கும் நன்மை பயக்கும்.